பாராட்டு விழுந்த இடம்: மயாமி ரசிகர்களும் ஓசி கியேனும்

பேஸ்பால் ஆட்டத்தில் மேலாளர் எனப்படுபவர் அலுவலகத்தில் அமர்ந்து வரவுசெலவு பார்க்கும் நிர்வாகி அல்லர். ஆட்டக்காரர்களைப் போலவே எண் பொறித்த சீருடை அணிந்து, களத்தின் விளிம்பில் தரைமட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக அமைந்திருக்கும் ‘டக்அவுட்’ என்னும் அணியிருக்கையிலிருந்து, பந்தெறிபவரை எப்போது மாற்றுவது, மட்டையாளர்களை எந்த வரிசையில் இறக்குவது, நடுவரின் தீர்ப்பை எப்போது எதிர்த்து வாதாடுவது என்று ஆட்டம் முழுவதும் முடிவெடுத்துக்கொண்டே இருப்பவர் அவர். அமெரிக்க மேஜர் லீக் போட்டிகளில் ஓர் அணி ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது; ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் செய்தியாளர்களைச் சந்திப்பது மேலாளரின் வேலையில் ஒரு பகுதி என்பதால், ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குள் முந்நூறு முறை அவர் வாய் திறந்தாக வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சில் பெரும்பகுதி மறுநாளே மறக்கப்பட்டுவிடும். அவ்வாறு மறக்கப்படாமல் போன ஒரு பேச்சும், அதற்கு ஒரு நகரத்தின் ரசிகர்கள் காட்டிய எதிர்வினையுமே இவ்வுரையின் பொருள்.

பேசியவர் ஓசி கியேன். 1964இல் வெனிசுவேலாவில் பிறந்து, சிகாகோ வைட் சாக்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரராகப் பல ஆண்டுகள் ஆடி, 2004இல் அதே அணியின் மேலாளராகி, 2005இல் அந்த அணிக்கு 88 ஆண்டுகளுக்குப் பின் ‘வேர்ல்ட் சீரீஸ்’ என்னும் இறுதித் தொடர் வெற்றியைப் பெற்றுத் தந்தவர். லத்தீன் அமெரிக்காவில் பிறந்த ஒரு மேலாளர் அத்தொடரை வென்றது அதுவே முதல் முறை. வெற்றிக்கு இணையாக அவருடைய நாவும் புகழ் பெற்றிருந்தது. 2006இல் பத்திரிகையாளர் ஒருவரை ஓரினச்சேர்க்கையாளரை இழிவுபடுத்தும் சொல்லால் ஏசியதற்காக அபராதம் கட்டினார். 2010இல் அரிசோனா மாநிலம் குடியேறிகளுக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். வலதா இடதா என்று ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க முடியாத அரசியல் அவருடையது; மனத்தில் தோன்றியதை வடிகட்டாமல் சொல்லும் பழக்கம் மட்டுமே அவரிடம் எப்போதும் மாறாமல் இருந்தது.

2011ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதியில் மயாமி வட்டாரத்து அணியான ஃபுளோரிடா மார்லின்ஸ், இளநிலை ஆட்டக்காரர் இருவரைச் சிகாகோவுக்குக் கொடுத்து, கியேனை நான்காண்டு ஒப்பந்தத்தில் அழைத்துக்கொண்டது. ஆட்டக்காரர்கள் இடம் மாற்றப்படுவது வழக்கம். மேலாளர் ஒருவருக்காக ஆட்டக்காரர்களைக் கொடுப்பது அரிது. அடுத்த பருவம் தொடங்கிய சில நாள்களுக்குள், 2012 ஏப்ரலில், ‘டைம்’ இதழில் வெளிவந்த கட்டுரையொன்றில், தமக்குக் கியூபப் புரட்சித் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவைப் பிடிக்கும் என்றும், அறுபது ஆண்டுகளாக எத்தனையோ பேர் கொல்ல முயன்றும் அந்த மனிதர் இன்னும் அசையாமல் இருப்பதால் அவரை மதிப்பதாகவும் கியேன் கூறியிருந்தார். காஸ்ட்ரோவின் கொள்கையைப் புகழ்ந்த பேச்சு அன்று அது. விழாமல் நிற்கும் ஒருவரின் கெட்டிக்காரத்தனத்தை வியந்த பேச்சு. ஆனால் அந்த வேறுபாட்டை நின்று நிதானித்துக் கேட்கும் நிலையில் மயாமி இல்லை.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 2008இல் வேறோர் இதழ், தமக்குத் தெரிந்தவர்களிலேயே மிக உறுதியான மனிதர் யார் என்று கேட்டபோதும் கியேன் சொன்ன பெயர் காஸ்ட்ரோதான். அவரைச் சர்வாதிகாரி என்று ஏசிக்கொண்டே, எல்லாரும் எதிர்த்தும் அவர் நிலைத்து நிற்பதை வியப்பதாகச் சொல்லியிருந்தார். அப்போது கியேன் சிகாகோவில் இருந்தார். பதவியை விடச் சொல்லி யாரும் அரங்கத்தின் வாயிலில் கூடவில்லை, அணி நிர்வாகம் அவரைத் தண்டிக்கவும் இல்லை. ஏறத்தாழ அதே கருத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், ஈராயிரம் கிலோமீட்டர் தெற்கே, ஒரு நகரத்தையே கொதிக்க வைத்தது. ஆகவே ரசிகர் சினத்தின் அளவைச் சொல்லின் கடுமை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தச் சொல் எந்த மண்ணில் விழுந்தது, அதைச் சொன்னவர் அங்கே எதற்காக அமர்த்தப்பட்டிருந்தார் என்னும் இரண்டுமே தீர்மானிக்கின்றன என்பது இவ்வுரையின் துணிபு.

முதலில் மண். மார்லின்ஸ் அணியின் புதிய அரங்கம் 2012 ஏப்ரல் 4ஆம் நாள் திறக்கப்பட்டது. அது அமைந்திருப்பது ‘லிட்டில் ஹவானா’ என்னும் பகுதியில். கியூபாவின் தலைநகரான ஹவானாவின் பெயரைத் தாங்கிய அப்பகுதி, 1959 புரட்சிக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறியவர்கள் வந்து குடியேறி உருவாக்கிய வட்டாரமாகும். அரங்கம் எழுந்த இடமும் வெற்றிடம் அன்று. ‘ஆரஞ்சு பவுல்’ என்னும் பழைய அமெரிக்கக் கால்பந்து அரங்கம் 2008இல் இடிக்கப்படும்வரை அங்கேதான் இருந்தது. 1961இல் காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்க அமெரிக்க உளவு நிறுவனத்தின் துணையோடு ‘பிக்ஸ்’ வளைகுடாவில் இறங்கித் தோற்றுச் சிறைப்பட்ட நாடுகடந்தோர் படை, உணவும் மருந்தும் ஈடாகக் கொடுக்கப்பட்டு 1962 டிசம்பரில் மீட்கப்பட்டபோது, குடியரசுத் தலைவர் கென்னடி அந்த ஆரஞ்சு பவுல் அரங்கத்தில்தான் அவர்களைச் சந்தித்து, அவர்கள் அளித்த படைக்கொடியைப் பெற்றுக்கொண்டு, விடுதலை பெற்ற ஹவானாவில் அதைத் திருப்பித் தருவதாக வாக்களித்தார். அந்த வாக்கு நிறைவேறவில்லை. 1970களில் படையினர் கொடியைத் திரும்பக் கேட்டுப் பெற வேண்டியதாயிற்று. 1980இல் கியூபாவின் மரியெல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 1,25,000 பேர் படகுகளில் வந்து சேர்ந்தபோது, அவர்களில் ஒரு பகுதியினர் தற்காலிகமாகத் தங்க வைக்கப்பட்டதும் அதே ஆரஞ்சு பவுலில்தான். இத்தகைய இடத்தில் கட்டப்பட்ட அரங்கத்தின் மேலாளர் காஸ்ட்ரோவை மெச்சுவது, கேட்பவரின் காதில் வெறும் கருத்தாக விழ வழியில்லை.

நாடுகடந்தோர் என்று ஒரே சொல்லில் குறிப்பிட்டாலும் அவர்கள் ஒரே அலையில் வந்தவர்கள் அல்லர். 1960க்கும் 1962க்கும் இடையில் பெற்றோர் இல்லாமலேயே 14,000க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் விமானத்தில் அனுப்பப்பட்டனர். 1965 முதல் 1973 வரை இரு அரசுகளின் உடன்பாட்டின் பேரில் விமானங்கள் ஆள்களை ஏற்றி வந்தன. 1980இல் மரியெல் படகுகள். 1994இல் தகரப் பீப்பாய்களையும் டயர்க் குழாய்களையும் கட்டி மிதவையாக்கிக் கடலில் இறங்கியவர்கள். முதல் அலையினர் சொத்தை இழந்தவர்கள், சிறையில் உறவினரை விட்டு வந்தவர்கள். பிந்தைய அலையினருக்குத் தீவில் இன்னும் தாயும் தம்பியும் இருந்தனர், மாதந்தோறும் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. 1991 முதல் ஃபுளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகம் இந்தச் சமூகத்தினரிடையே நடத்திவரும் கருத்துக்கணிப்புகள், கியூபா மீதான பொருளாதாரத் தடை போன்ற கேள்விகளில் வயதும் வந்த காலமும் மனப்போக்கை வெகுவாக மாற்றுவதைக் காட்டியுள்ளன. ஆனால் காஸ்ட்ரோ என்னும் மனிதரைப் பற்றிய பேச்சில் அந்த வேறுபாடுகள் பெரிதும் மங்கிவிடும். தடையை நீக்க வேண்டும் என்று வாதிடும் பேரனும், தாத்தாவின் எதிரே காஸ்ட்ரோவை மெச்சத் துணிய மாட்டான்.

இந்த வெறுப்பு பேஸ்பாலோடு தனியாகவே ஓர் உறவு கொண்டது. கியூபர்களுக்கு இந்த ஆட்டம் அமெரிக்கர் சொல்லித் தந்த பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான தேசிய உணர்வோடு கலந்துவிட்ட ஒன்று. புரட்சிக்குப் பின் ஹவானாவில் இருந்த ‘ஷுகர் கிங்ஸ்’ என்னும் அணி 1960இல் நியூஜெர்சிக்கு மாற்றப்பட்டது. 1961இல் காஸ்ட்ரோ அரசு தொழில்முறை விளையாட்டையே ஒழித்தது. அதன் பின் மேஜர் லீகில் ஆட விரும்பும் கியூப ஆட்டக்காரர் நாட்டை விட்டுத் தப்பி வந்தே ஆக வேண்டும் என்ற நிலை உண்டாயிற்று. மார்லின்ஸ் அணியின் முதல் பெருவெற்றியே அப்படித் தப்பி வந்த ஒருவரின் பெயரோடு பிணைந்தது: 1997 வேர்ல்ட் சீரீஸில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட லிவான் எர்னாந்தஸ், இரண்டாண்டுகளுக்கு முன்தான் கியூபா அணியை விட்டு வெளியேறியவர், இறுதி ஆட்டத்தைப் பார்ப்பதற்காக அவருடைய தாய்க்கு விசா கிடைத்து, ஹவானாவிலிருந்து வந்து சேர்ந்ததை மயாமி தன் சொந்த வீட்டு நிகழ்ச்சியாகவே கொண்டாடியது. அந்த அணியின் ரசிகராக இருப்பது, அங்கே பலருக்கு, காஸ்ட்ரோ பறித்துக்கொண்ட ஆட்டத்தைத் திரும்பப் பெறுவதாகவும் இருந்தது.

அடுத்து, கியேன் எதற்காக அமர்த்தப்பட்டார் என்னும் கேள்வி. புதிய அரங்கத்தின் செலவு 60 கோடி டாலரைத் தாண்டியது. அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மயாமி நகரமும் மயாமி-டேட் கவுன்ட்டியும் சுமந்தவை. கவுன்ட்டி என்பது மாநிலத்துக்குக் கீழான ஆட்சிப் பிரிவு, நம் மாவட்டம் போன்றது. கடன் பத்திரங்களின் வட்டியும் சேர்ந்தால் நாற்பதாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கட்ட நேரிடும் என்று கணக்கிடப்பட்டது. பணமில்லை என்று சொல்லி வந்த அணி, 2008, 2009ஆம் ஆண்டுகளில் இலாபம் ஈட்டியிருந்ததை 2010இல் கசிந்த கணக்குத்தாள்கள் வெளிப்படுத்தின. சொத்துவரி உயர்வும் இந்த அரங்க ஒப்பந்தமும் சேர்ந்து மூட்டிய கோபத்தில், 2011 மார்ச்சில் நடந்த திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பில், அதாவது பதவிக்காலம் முடியுமுன் ஒருவரை மக்களே வாக்களித்து நீக்கும் தேர்தலில், கவுன்ட்டியின் மேயர் கார்லோஸ் ஆல்வாரெஸை நூற்றுக்கு 88 பேர் வெளியேற்றினர். இப்படிக் கசந்துபோன மக்களை மீண்டும் அரங்கத்துக்குள் வரவழைக்க அணி செய்தவை மூன்று: ஃபுளோரிடா என்ற பெயரை விட்டு மயாமி மார்லின்ஸ் ஆனது, ஆட்டக்காரர்களான ஹோசே ரேயெஸுக்கு ஆறாண்டுகளுக்கு 10.6 கோடி டாலர், மார்க் பர்லிக்கு நான்காண்டுகளுக்கு 5.8 கோடி டாலர் என்று வழக்கத்துக்கு மாறாக அள்ளிக் கொடுத்தது, ஸ்பானிய மொழியில் ரசிகரோடு சரளமாகப் பேசிச் சிரிக்கும் கியேனைக் கொண்டுவந்தது. ஆட்டத் தந்திரத்துக்காக மட்டும் அவரை விலை கொடுத்து வாங்கவில்லை. லத்தீன் சமூகத்துக்கு அணியின் முகமாகவும் குரலாகவும் இருக்கத்தான் வாங்கினர். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. இங்கே நுணலை வாங்கியவர்கள் அதன் வாய்க்காகவே வாங்கியிருந்தனர் என்பதுதான் வேடிக்கை.

நிகழ்ச்சிகள் விரைந்து நடந்தன. அணி சின்சினாட்டியில் ஆடிக்கொண்டிருந்தபோதே கியேன் முதல் மன்னிப்பைக் கேட்டார், அது போதவில்லை. பின்னர் ஃபிலடெல்ஃபியாவில் இரு ஆட்டங்களுக்கு இடைப்பட்ட ஓய்வு நாளான ஏப்ரல் 10 அன்று மயாமிக்குத் திரும்பி, புதிய அரங்கத்திலேயே செய்தியாளர்களைச் சந்தித்து, பெரும்பாலும் ஸ்பானிய மொழியில், ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசினார். தம் வாழ்வின் மிகப் பெரிய தவறு இது என்றும், தம் லத்தீன் சமூகத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக உணர்வதாகவும், மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னார். அன்றே அணி அவரை ஐந்து ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்தது. துணைப் பயிற்சியாளர் ஜோயி கோரா பொறுப்பேற்றார். அதே வேளையில் அரங்கத்தின் வெளியே ‘விஜீலியா மாம்பீசா’ என்னும் நாடுகடந்தோர் அமைப்பினர் திரண்டு, இடைநீக்கம் போதாது, பதவி விலக வேண்டும் என்று முழங்கிக்கொண்டிருந்தனர். ஸ்பானியருக்கு எதிராகப் போரிட்ட கியூப விடுதலை வீரர்களுக்கு வழங்கிய பெயர் ‘மாம்பி’. அந்தப் பெயரைச் சூடிக்கொண்ட அமைப்பு அது.

பதாகை பிடித்து நின்றவர்களையெல்லாம் ரசிகர் என்று எண்ணிக்கொள்வது பிழையான முடிவுக்கு இட்டுச் செல்லும். அவர்களில் பலர் முதியவர்கள். ஆட்டத்தின் புள்ளிப்பட்டியலைத் தொடர்வதை விடத் தீவின் அரசியலைத் தொடர்பவர்கள். கியேன் ஒரு பாடகராகவோ பல்கலைக்கழகப் பேராசிரியராகவோ இருந்திருந்தாலும் அதே பதாகையோடு வந்திருப்பவர்கள். உள்ளே நுழைவுச்சீட்டு வாங்கி அமரும் ரசிகரின் சினம் வேறு வகையது. அவர் ஒரே நேரத்தில் மூன்று நிலைகளில் நிற்கிறார்: பெற்றோரின் துயரத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அரங்கத்தின் கடனை அடைக்கும் வரிசெலுத்துநர், அணி வெல்ல வேண்டும் என்று ஏங்கும் ஆர்வலர். பிள்ளைக்கு வந்த கோபத்துக்கு மன்னிப்பு மருந்தாகலாம். வரிசெலுத்துநருக்கு வந்தது, நம் பணத்தில் கட்டிய மாளிகையில் நம்மையே அவமதிப்பதா என்ற கோபம்; அதற்கு மன்னிப்பு மட்டும் போதாது. ஆர்வலரோ, கியேனின் அரசியல் எப்படியிருந்தாலும் அணி அடுத்த ஆட்டத்தை வென்றால் சரி என்ற மனத்தோடு, மற்ற இருவரையும் அடக்கப் பார்க்கிறார். ஒரே மனிதருக்குள் இம்மூவரும் வாதிட்டுக்கொள்வதால்தான், ரசிகர் எதிர்வினை வெளிப்பார்வைக்கு முரண்பாடாகத் தெரிகிறது. காலையில் ஸ்பானிய வானொலியில் மேலாளரைத் திட்டியவர் மாலையில் அதே அணியின் தொப்பியை அணிந்து அமர்ந்திருப்பதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

வெனிசுவேலர்களின் எதிர்வினையையும் இங்கே சேர்க்க வேண்டும். ஊகோ சாவேஸின் ஆட்சியிலிருந்து விலகி வந்து மயாமியை ஒட்டிய டோரல் நகரில் குடியேறியிருந்த வெனிசுவேலர் பலருக்கு, காஸ்ட்ரோ என்பவர் பக்கத்துத் தீவின் பழைய கதை அன்று. தம் நாட்டுக் குடியரசுத் தலைவரின் வழிகாட்டி, தாம் நாடிழந்ததற்கு உடந்தை. தம்மவரே ஒருவர் அவரை மெச்சியதில் அவர்களுக்கு நேர்ந்த கூச்சம், கியூபர்களின் சினத்தை விட ஒரு வகையில் ஆழமானது.

கருத்துரிமையை முன்வைத்துக் கியேனுக்கு ஆதரவாகப் பேசியோரும் இருந்தனர். அவர்களுடைய வாதம் எளியது: பேச்சுக்குத் தண்டனை கிடையாது என்பதற்காகத்தானே கியூபாவை விட்டு இங்கே வந்தீர்கள், வந்த இடத்தில் பேசியவரை வேலையை விட்டுத் துரத்தச் சொல்வது என்ன நியாயம்? இதற்குச் சட்டம் அறிந்தோர் வழக்கமாகத் தரும் விடை, அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசின் கையை மட்டுமே கட்டுகிறது, தனியார் முதலாளியின் கையை அன்று என்பதாகும். விடை சரியானதே; ஆனால் இந்த வழக்கில் அது முழுமையானது அன்று. அரங்கம் கவுன்ட்டிக்குச் சொந்தமானது. கவுன்ட்டி ஆணையக் குழுவின் தலைவர் ஜோ மார்ட்டினெஸும், நகர ஆணையக் குழுவின் தலைவர் ஃபிரான்சிஸ் சுவாரெஸும் கியேன் பதவியில் நீடிக்கக் கூடாது என்று வெளிப்படையாகக் கூறினர். அணிக்கு நிலமும் நிதியும் வழங்கிய அரசாங்கத்தின் தலைவர்கள், ஒருவர் பேசிய பேச்சுக்காக அவரை நீக்கும்படி அந்த அணியை நெருக்கும்போது, அரசு வேறு முதலாளி வேறு என்ற கோடு தெளிவாக இருப்பதில்லை. ரசிகர் ஒருவர் இருக்கையை விட்டு எழுந்து போவது அவருடைய உரிமை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் தம் பதவியின் கனத்தோடு அதைக் கோருவது அதே வகையைச் சேர்ந்ததன்று. அந்த வாரத்தின் கூச்சலில் இந்த வேறுபாடு அதிகம் கவனிக்கப்படவில்லை.

சுவாரெஸ் என்னும் குடும்பப் பெயர் மயாமியின் வேறொரு நிகழ்ச்சியையும் நினைவூட்டும். 1990 ஜூனில், சிறையிலிருந்து விடுதலை பெற்ற சில மாதங்களில், தென்னாப்பிரிக்க நிறவெறி எதிர்ப்புத் தலைவர் நெல்சன் மண்டேலா அமெரிக்கப் பயணத்தின் இடையே மயாமி கடற்கரை நகரில் தொழிற்சங்க மாநாடு ஒன்றில் பேச வந்தார். வருவதற்குச் சில நாள் முன்பு தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில், தம் இயக்கத்துக்குத் துணை நின்ற காஸ்ட்ரோ உள்ளிட்டோரைக் கைவிட மறுத்து, அவர்களுக்கு நன்றி பாராட்டியிருந்தார். அதன் விளைவாக, மயாமி நகரத்தின் அதிகாரபூர்வ வரவேற்பு அவருக்கு மறுக்கப்பட்டது; அப்போது மேயராக இருந்தவர் ஃபிரான்சிஸின் தந்தை சேவியர் சுவாரெஸ். அந்த அவமதிப்பால் கொதித்த கறுப்பின மக்கள், மயாமியில் மாநாடுகள் நடத்த வேண்டாம், சுற்றுலா வர வேண்டாம் என்று அறைகூவல் விடுத்துக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் நடத்திய புறக்கணிப்பு, நகருக்குப் பல கோடி டாலர் இழப்பை உண்டாக்கியது. ஒரே நகரத்தில் ஒருவரின் கொடுங்கோலர் இன்னொருவருக்கு நண்பராக இருந்திருக்கலாம் என்பதைப் பணக்கணக்கில் மயாமி ஏற்கெனவே கற்றிருந்தது. மண்டேலாவோடு கியேனை ஒப்பிடுவது பொருந்தாது. ஒருவர் சொன்னது எண்ணித் துணிந்த நன்றி, மற்றவர் சொன்னது வாய்க்கு வந்த வியப்பு. மண்டேலா தம் சொல்லைத் திரும்பப் பெறவில்லை, கியேன் பெற்றார். ஆனால் கேட்ட செவிகள் ஒன்றே.

பேஸ்பால் உலகம் பேச்சுக்குத் தண்டனை வழங்கிய பிற நிகழ்வுகளோடு வைத்துப் பார்த்தால் இதன் தனித்தன்மை விளங்கும். 1987இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் உயர் நிர்வாகி ஆல் கம்பானிஸ், கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு மேலாளராகும் தகுதிகள் இல்லாதிருக்கலாம் என்று தொலைக்காட்சியில் கூறி, இரண்டு நாள்களுக்குள் பதவி இழந்தார். 1996இல் சின்சினாட்டி ரெட்ஸ் உரிமையாளர் மார்ஜ் ஷாட், ஹிட்லர் தொடக்கத்தில் நல்லவராகத்தான் இருந்தார் என்னும் பொருள்படப் பேசி அணியின் அன்றாட நிர்வாகத்திலிருந்து விலக நேர்ந்தது. 1999இல் அட்லாண்டா அணியின் பந்தெறிபவர் ஜான் ராக்கர், நியூயார்க்கின் குடியேறிகளையும் நோயாளிகளையும் இழித்துப் பேசி இடைநீக்கம் செய்யப்பட்டார். இம்மூன்றும் நாடு முழுவதையும் புண்படுத்தியவை. ஷாட், ராக்கர் இருவர் மீதும் லீகின் தலைமையே நடவடிக்கை எடுத்தது. கியேனைத் தண்டித்ததோ அவருடைய அணி. லீகின் ஆணையர் பட் செலிக் அதை ஆதரித்து அறிக்கை விட்டதோடு நிறுத்திக்கொண்டார். சியாட்டிலிலோ மில்வாக்கியிலோ இருந்த ரசிகருக்கு இது மயாமியின் உள்வீட்டுச் சண்டை. இதே மார்லின்ஸ் அணி 2005இல் ஆட்டக்காரர் கார்லோஸ் டெல்காடோவைச் சேர்த்துக்கொண்டதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். அவர் அதற்கு முந்தைய ஆண்டு ஈராக் போரை எதிர்த்து, தேசபக்திப் பாடலின்போது எழுந்து நிற்க மறுத்து நியூயார்க்கில் கூச்சலுக்கு ஆளானவர். நியூயார்க்கைக் கூச்சலிட வைத்த அந்த எதிர்ப்பு, மயாமியில் அவரைச் சேர்த்துக்கொள்ளத் தடையாகவில்லை.

ஏப்ரல் 17ஆம் நாள் கியேன் பணிக்குத் திரும்பினார். புறக்கணிப்பு பற்றிய பேச்சு மெல்ல ஓய்ந்தது. அந்தப் பருவத்தில் அரங்கத்துக்கு வந்தவர்கள் 22 லட்சத்தைத் தாண்டினர், அதற்கு முந்தைய ஆண்டு பழைய அரங்கத்தில் வந்தவர்கள் 15 லட்சம் அளவே. அணி மட்டும் தோற்றுக்கொண்டே போனது: 69 வெற்றி, 93 தோல்வி, தன் பிரிவில் கடைசி இடம். அக்டோபர் 23 அன்று, ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுகள் மீதமிருக்கக் கியேன் நீக்கப்பட்டார். அடுத்த மாதமே உரிமையாளர் ஜெஃப்ரி லோரியா, ரேயெஸ், பர்லி உள்ளிட்ட அதிக ஊதியக்காரர்களை ஒரே பரிமாற்றத்தில் டொரொன்டோவுக்கு அனுப்பிவிட்டார். இந்த முறை பதாகையோடு எவரும் திரளவில்லை. ரசிகர்கள் வராமல் இருந்துவிட்டனர். 2013 பிப்ரவரியில் லோரியா உள்ளூர் நாளிதழ்களில் முழுப்பக்க விளக்கக் கடிதம் வெளியிட்டும் பயனில்லாமல், அந்த ஆண்டு வருகை 16 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. காஸ்ட்ரோவைப் பற்றிய ஒரு சொல்லால் அசைக்க முடியாத வருகைக் கணக்கை, ஊதியச் சுமையைக் குறைத்த ஒரு வணிக முடிவு உடைத்தது என்பதை, ரசிகர் சினத்தை ஆராய்வோர் கவனித்தாக வேண்டும். பிள்ளையின் கோபம் ஒரு வாரம் எரிந்து அடங்கியது. வரிசெலுத்துநரும் ஆர்வலரும் கொண்ட கோபம் ஓசையின்றி நீடித்தது. 15.8 கோடி டாலருக்கு வாங்கிய அணியை லோரியா 2017இல் 120 கோடி டாலருக்கு விற்றபோது, இலாபத்தில் தங்களுக்கு உரிய பங்கைக் கேட்டு அடுத்த ஆண்டு நகரமும் கவுன்ட்டியும் நீதிமன்றம் ஏறின.

கியேனுக்கு மேஜர் லீகில் மேலாளர் பதவி பின்னர் கிடைக்கவில்லை. தாய்நாடு திரும்பி ‘திபுரோனெஸ் தெ லா குவைரா’ அணியின் பொறுப்பை ஏற்ற அவர், 2024 தொடக்கத்தில் அதை வெனிசுவேலாவின் வாகையராக்கினார். அந்த வெற்றியால் அவ்வணி தகுதி பெற்ற கரீபியத் தொடர், லத்தீன் நாடுகளின் வாகையர் அணிகள் மோதும் ஆண்டுத் தொடர், அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்தது மயாமியில், பெயர் மட்டும் மாறியிருந்த அதே அரங்கத்தில். கியேனின் அணி இறுதி ஆட்டத்தில் டொமினிக்கன் அணியைத் தோற்கடித்துக் கோப்பையை வென்றபோது, இருக்கைகளை நிறைத்திருந்தவர்களில் பெரும்பகுதியினர் சாவேஸுக்குப் பின் வந்த மதுரோவின் ஆட்சியில் நாட்டை விட்டு வெளியேறி மயாமி வட்டாரத்தில் குடியேறியிருந்த வெனிசுவேலர்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாசலில் எழுந்த முழக்கம் அவர்களில் பலர் வந்து சேர்வதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.